வகுப்புக்கு வர வைக்கும் ஆப்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உப்புவெளிப் பொடியன்
இறுதி வருட புரொஜெக்ட், பிளட்டர் என்ற ஆப் செய்யும் கருவியில் செய்தது. வழமையான சாமான்தான்: வகுப்பில் கியூஆர் அடித்தால் ஒரு நட்சத்திரம், விடாமல் வந்தால் தொடர் கூடும், ஒரு நாள் விட்டால் பூச்சியம். விரிவுரை தொடங்கிப் பத்து நிமிடத்தில் கியூஆர் பூட்டிவிடும். 80 வீத வரவுக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பது முகப்பிலேயே தெரியும். பெடியளுக்கு நல்லாப் பிடித்தது.

மூதூரில் இருந்து வரும் தங்கச்சி ஒருத்தி. 2009 இல் கிண்ணியாப் பாலம் வந்தபிறகு பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் கரைச்சல் இல்லைதான். ஆனாலும் திருகோணமலை டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நிலாவெளி வீதிக்கு இன்னொரு பஸ். ஒரு நாள் நல்ல மழை. முன் வரிசையில் நனைந்த பர்தாவோடு இருந்து எழுதிக்கொண்டிருந்தவள், இடைவேளையில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். தொடர்: 0.

"அண்ணா, நான் உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறன். உங்கட ஆப் நான் வரல்ல எண்டு சொல்லுது."

அடுத்த வாரமே ஆப்பை அழித்துவிட்டாள். வகுப்புக்கு மட்டும் வழமைபோல வந்தாள். புரொஜெக்டுக்கு நல்ல புள்ளி கிடைத்தது, அது வேறு கதை.

கிண்ணியா நானா
தம்பி, உங்கட ஆள் வந்து பூச்சியம் வாங்கினாள். எங்கட இடத்தில் வராதவனுக்குத்தான் நட்சத்திரம். திரையில் கியூஆர் விழுந்ததும் ஒருத்தன் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். விடுதியில் போர்த்திக்கொண்டு படுத்தவன் எல்லாம் ஆப்பில் 'சமூகம்', வந்தவன் கணக்கு. ஒரு நாள் சேர் போனைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் குனிந்து முதல் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "மிச்சப் பேர் எங்க?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏச்சு முழுக்க வந்திருந்த எங்களுக்குத்தான். இப்ப நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது.

சீனியர் டெவ்
மேலே இருவரும் ஆப்பைக் குறை சொல்வது சரியில்லை. எனக்கு நடந்தது: போலி ஜிபிஎஸ் போட்டுக் கொழும்பில் இருந்துகொண்டே ஒருத்தன் வகுப்பில் 'இருந்தான்'. அவ்வளவுதான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கியூஆர் சில விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டும், படம் குரூப்பில் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். இடத்தைப் பார்ப்பதென்றால் வகுப்பைச் சுற்றி 20 மீற்றர் வட்டம் போட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸைத் திட்டாதீர்கள். ஆண்ட்ரொய்ட் ஆவணமே குறைந்தது 100 முதல் 150 மீற்றர் வைக்கச் சொல்கிறது, கொங்கிரீட் கூரைக்குக் கீழே அதுவும் ஆடும். வருகிற இடத்தகவல் போலியா என்று ஆண்ட்ரொய்ட் காட்டித்தரும், ரூட் பண்ணின, அதாவது உள்பூட்டை உடைத்த போனில் அதையும் மறைக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். சிக்னல் இல்லாத ஹோலில் முதலில் போனிலேயே பதிந்து, பிறகு சேர்வருக்கு அனுப்புங்கள். ஆனால் போன் மணிக்கூட்டை மட்டும் நம்பினால் கதை முடிந்தது, நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம், மொழி படிக்கும் ஆப்பான டுவோலிங்கோவில், ஒரு நாள் விட்டாலும் தொடர் அறாமல் உறைய வைக்கும் வசதி இருக்கிறதல்லவா? மூதூர்த் தங்கச்சிக்கு மாதம் இரண்டு விடுப்பு அப்படிக் கொடுத்திருந்தால் பிரச்சினையே வந்திராது.

உப்புவெளிப் பொடியன்
அண்ணை, அவள் விடுப்பே எடுக்கவில்லை. வந்திருந்தாள்.

டியூஷன் சேர்
டெவ் தம்பி சொல்வதெல்லாம் பெடியள் கள்ளம் செய்வார்கள் என்ற கணக்கில்தான் போகிறது. என்னுடையதைக் கேளுங்கள். ஏ.எல் (உயர்தர) வகுப்பு, வராத பிள்ளையின் வீட்டுக்குத் தானாக மெசேஜ் போகும் ஆப். கெட்டிக்காரப் பெடியன் ஒருத்தன் சீசன் தொடங்கியதும் நின்றுவிட்டான். நாளாந்தம் மெசேஜ் போனது. ஒரு பின்னேரம் தகப்பன் நேரே வகுப்பு வாசலுக்கு வந்தார். மடித்துக் கட்டின சாரம், காலில் மணல், பொலித்தீன் பையில் சுற்றின போன். பையை அவிழ்த்து மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"சேர், கரைவலை இழுக்க ஆள் காணாது எண்டு நான்தான் அவனை மறிச்சனான். அதை ஏன் எனக்கே ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் அவருடைய நம்பரை லிஸ்டில் இருந்து எடுத்துவிட்டேன்.

சீனியர் டெவ்
மெசேஜுக்குக் கீழே காரணம் சொல்ல ஒரு பட்டன் வைத்திருக்கலாமே சேர்? நோய், பயணம், வேறு...

டியூஷன் சேர்
வைக்கலாம். கரைவலையை எதற்குள் போடுவீர்கள், 'வேறு' என்பதற்குள்ளா?