பகுதி நேரத்தில் கல்வியியல் பிஎச்.டி.: ஆறாம் வகுப்பு கணக்கு டீச்சருக்கு எதற்கு?

கணக்கு_டீச்சர்
வணக்கம். விழுப்புரம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. 2012 ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பேட்ச். எம்.எஸ்சி., எம்.எட். கையில் இருக்கிறது. பாடத்திட்டம், கற்பித்தல் முறை என்ற பகுதியில் பகுதி நேரமாக பிஎச்.டி. சேரலாம் என்று இரண்டு வருஷமாக யோசனை. வீட்டில் "இருக்கிற வேலை போதாதா" என்கிறார்கள்.

ஆசை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த ஆறாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் விகிதமும் விகித சமமும் முதல் பருவம். பின்னங்கள் மூன்றாம் பருவம். ஜூலையில் 6:8 என்பதைச் சுருக்கி 3:4 என்று போடக் கற்றுக்கொண்ட பிள்ளை, ஜனவரியில் 1/2 + 1/3 என்றால் 2/5 என்று எழுதுகிறது. ஒரு பையனிடம் ஏன்டா என்று கேட்டேன். "ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், அப்புறம் மூணு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் அஞ்சுல ரெண்டு தானே டீச்சர்?" என்றான். அவன் சொன்னது தப்பே இல்லை, அவன் போட்டது வேறு கணக்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதை ஒழுங்காகப் படிக்க வேண்டும். சேரலாமா?

சுண்ணாம்புத்தூள்
வேண்டாம் டீச்சர்.

முதலில் காசு. உயர்கல்வி முடித்தால் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சிலேயே அரசு நிறுத்திவிட்டது. அப்புறம் ஒருமுறை கொடுக்கும் தொகையாக மாற்றினார்கள். பதவி உயர்வு சீனியாரிட்டி பார்த்துத்தான், பெயருக்கு முன்னால் முனைவர் இருக்கிறதா என்று பார்த்து இல்லை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு பகுதி நேரம் படிக்கிறவருக்கு அது கிடையாது.

இரண்டாவது, அங்கே போய் என்ன செய்வீர்கள் தெரியுமா? "இன்ன மாவட்டத்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பாங்கும் கணித அடைவும்." வினாப்பட்டியலைக் கொடு, 300 பேரிடம் நிரப்பி வாங்கு, டி-சோதனை என்று ஒரு புள்ளியியல் கணக்கு போடு, "குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது" என்று எழுது, பைண்டிங் பண்ணு. எங்கள் ஊர் நூலகத்தில் அப்படி ஒரு அலமாரியே இருக்கிறது. உங்கள் மேட்ச் பையன் அதில் எங்கே வருவான்?

உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கம் போதும். சென்னையில் பழைய டிபிஐ வளாகத்தில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

மூன்றாம்_வருட_ஸ்காலர்
சுண்ணாம்புத்தூள் சார் சொல்கிற அலமாரி உண்மைதான். மோசமான ஆய்வேடு இருக்கிறது என்பதற்காக நல்லது எழுதக் கூடாதா? சாம்பார் கெட்டுப்போன வீட்டில் எல்லாரும் பட்டினியா கிடக்கிறார்கள்?

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்தத் துறையில் வயது அதிகம். அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949-ல் சிகாகோவில் தன் வகுப்புக்காக எழுதிய சின்னப் புத்தகத்தில் கேட்டது நான்கே கேள்வி. எதற்காகக் கற்பிக்கிறோம், என்ன அனுபவம் கொடுக்க வேண்டும், அதை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படிப் பார்ப்பது. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது மூன்றாவதில். எழுபத்தைந்து வருஷமாக அவரைத் திட்டியும் மெச்சியும் எழுதியதை எல்லாம் தனியாகத் தேடிப் படிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடும், முடிக்க ஒரு கெடுவும் இல்லாமல் நான் படித்திருக்க மாட்டேன்.

நடைமுறை: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வோடு படிக்க வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதற்கு இப்போதே எழுதிக் கொடுங்கள், கோப்பு நகரும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது, பல்கலைக்கழகம் தன் அளவில் வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎட்_கல்லூரி_ஊழியன்
ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பிஎச்.டி. முடித்து 4 வருஷம். டீச்சர் வாங்கும் சம்பளத்தில் பாதிகூட எனக்கு வராது. அதையும் தாமதமாகத்தான் போடுவார்கள். வேலையை விட்டு இந்தப் பக்கம் வரும் எண்ணம் இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள். இருந்துகொண்டே படிப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு எச்சரிக்கை. "வெளிநாட்டுப் பல்கலைக்கழக டாக்டர் பட்டம், முழுக்க ஆன்லைன், 18 மாதம்" என்று வாட்ஸாப்பில் விளம்பரம் வரும். ஆன்லைன், தொலைநிலை பிஎச்.டி. இங்கே செல்லாது. யுஜிசி பொது அறிவிப்பே கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் முனைவர் என்று போட்டுவிட்டார், பாவம்.

நியூஜெர்சி_மீனா
இங்கே ஸ்கூல் டீச்சராக இருக்கிறேன், பாடத்திட்டமும் கற்பித்தலும் பிரிவில் எட்.டி. என்ற கல்வியியல் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அமெரிக்காவில் இந்தப் பெயரில் துறையே இருக்கும். எங்கள் பள்ளி மாவட்டச் சம்பளப் பட்டியலில் படிப்புக்கு ஏற்ற கட்டங்கள் உண்டு, டாக்டர் பட்டத்துக்குத் தனிக் கட்டம். அதனால் காசுக்காகவே படிக்கிறவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள், ஒளிப்பானேன்.

ஆனால் எட்.டி.யின் நோக்கம் வேறு. 1921-ல் ஹார்வர்டில் முதல் எட்.டி. பட்டம் கொடுத்த காலத்திலிருந்தே "இது பிஎச்.டி.யின் தம்பியா, வேறு சாதியா" என்று சண்டை. 2014-ல் ஹார்வர்டே அதை விட்டு பிஎச்.டி.க்கு மாறிவிட்டது. மற்ற இடங்களில், வேலை பார்க்கும் பள்ளியின் ஒரு சிக்கலை எடுத்து அங்கேயே தீர்த்துப் பார்த்து எழுதுவதை ஆய்வேடாக ஏற்கிறார்கள். கணக்கு டீச்சரின் பின்னக் கதை அதற்கென்றே பிறந்தது. நம்ம ஊரில் அப்படி ஒரு பட்டம் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

பழைய_டயட்
மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 19 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமார் ஆர்வம் எடுத்தார், ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள், பாட அட்டையும், பிள்ளை ஒவ்வொரு படியாக ஏற ஏணிப்படி அட்டவணையும் செய்தார்கள். பிறகு மாநிலம் முழுக்கப் போனது. தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் என் காலத்தில் நடந்த பெரிய பாடத்திட்ட வேலை அது. யாருடைய பிஎச்.டி.யிலிருந்தும் வரவில்லை. சாக்பீஸ் பிடித்த கையிலிருந்து வந்தது.

சுண்ணாம்புத்தூள் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த அட்டைகள் எந்தப் படியில் பிள்ளையைத் தூக்கின, எந்தப் படியில் தொங்கவிட்டன என்று பள்ளிக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்து எழுதிய ஆசிரியரை நான் சந்தித்ததில்லை. நானும் எழுதவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்குப் போனேன், படிவம் நிரப்பினேன், வந்தேன். பிறகு 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, பிள்ளைகளை அரும்பு மொட்டு மலர் என்று நிலை பிரித்து. யார் எழுதுகிறார்கள்?

சுண்ணாம்புத்தூள்
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், எழுதுவதற்கு ஒரு நோட்டு போதும். பதிவுக் கட்டணம் வேண்டாம்.

2018 புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பது பள்ளி வாத்தியார்கள், பட்டதாரி ஆசிரியர் என்று பள்ளிப் பெயரோடு.

மூன்றாம்_வருட_ஸ்காலர்
அதே பக்கத்தில் மேலே பாருங்கள் சார். மேலாய்வாளர், பாட வல்லுநர் என்று ஒரு வரிசை. அங்கே பெயருக்கு முன்னால் முனைவர். எழுதுவது பட்டதாரி ஆசிரியர், எது எந்தப் பருவம் என்பதில் கடைசி வார்த்தை மேல் வரிசை. டீச்சர் அந்த மேல் வரிசையில் உட்காரட்டும் என்கிறேன்.

சுண்ணாம்புத்தூள்
உட்காரட்டும். ஆனால் டீச்சரின் வாதத்திலேயே ஒரு ஓட்டை. 2/5 என்று போடும் பிள்ளை விழுப்புரத்தில் மட்டும் இல்லை. மேலே மேலே, கீழே கீழே கூட்டுவது உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தப்பு. விகிதமே படிக்காத பிள்ளையும் செய்யும். பருவ வரிசைதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரே ஒரு மேட்ச் பையன் சாட்சியா?

இரண்டு பிரிவு எடுக்கிறீர்கள் அல்லவா? அடுத்த ஜூனில் ஒன்றுக்குப் புத்தக வரிசை, இன்னொன்றுக்குப் பின்னம் முதலில். மார்ச்சில் ஒரே கேள்வித்தாள். தெரிந்துவிடும். பட்டம் எதற்கு?

மூன்றாம்_வருட_ஸ்காலர்
சார்... நீங்கள் இப்போது சொன்னதற்குப் பெயர் சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு. முதல் பதிவில் அலமாரியோடு சேர்த்துக் கிண்டல் அடித்தீர்களே, அதே சாதிதான்.

சுண்ணாம்புத்தூள்
கையெழுத்துக்குக் காத்திருக்காத கட்டுப்பாட்டுக் குழு.

கணக்கு_டீச்சர்
சிரித்துவிட்டேன். ஆனால் சார், ஒரு சிக்கல். என் ஏ பிரிவு இங்கிலீஷ் மீடியம், பி பிரிவு தமிழ் வழி. ஏ-யில் பாதிப் பிள்ளைகள் டியூஷன் போகிறார்கள். மார்க் வித்தியாசம் வந்தால் அது பின்னத்தாலா, மீடியத்தாலா, டியூஷனாலா? அதுவும் இல்லாமல் இரண்டும் நான் எடுக்கிற வகுப்பு. பின்னம் முதலில் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, என்னை நானே எப்படி நம்புவது? முதல் பருவத் தேர்வுக்கு மாவட்டம் முழுக்க ஒரே கேள்வித்தாள், விகிதம் நடத்தாத பிரிவு அதில் என்ன எழுதும்?

சுண்ணாம்புத்தூள்
மீடியம் விஷயம் நான் யோசிக்கவில்லை.

பழைய_டயட்
பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிகளையும் சேர்த்தால் மீடியச் சிக்கல் தீரும். ஆனால் அங்கே போய்ப் பாடவேளை கேட்க, முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக்க, ஒரு காகிதம் வேண்டும். "ஆர்வமாக இருக்கிறேன்" என்று போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல்கலைக்கழகப் பதிவு எண் போட்ட கடிதத்தோடு போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

நியூஜெர்சி_மீனா
மார்க் மட்டும் பார்க்காதீர்கள் டீச்சர். அந்தப் பையனிடம் "ஏன்டா" என்று கேட்டீர்களே, அதே மாதிரி 20 பேரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பெற்றோர் சம்மதம் வாங்கிவிட்டு.

பிஎட்_கல்லூரி_ஊழியன்
கைடு தேடும்போது ஒன்று. உதவிப் பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 4 பேர்தான், இணைப் பேராசிரியரிடம் 6, பேராசிரியரிடம் 8. காலியிடம் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் தலைப்பைப் பேசுங்கள். கைடு தன் பழைய வினாப்பட்டியலை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், வேறு கைடு.

கணக்கு_டீச்சர்
சரி. தடையின்மைச் சான்றுக்கு நாளை தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுக்கிறேன். ஸ்காலர், உங்கள் ஆய்வுச் சுருக்கம் (சினாப்சிஸ்) மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா? சுண்ணாம்புத்தூள் சார், நான் எழுதியதும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன், கிழித்துக் கொடுங்கள்.

சுண்ணாம்புத்தூள்
அனுப்புங்கள். சேர வேண்டாம் என்றுதான் இன்னமும் சொல்கிறேன்.