வலை கட்டியும் ஊசி ஈ: பார்த்ததைப் பகிருங்கள்

பட்டுக்குடில்:
பட்டுப்புழுக்களுக்கு ஐந்தாம் பருவம் (கடைசித் தோலுரிப்புக்குப் பின்), மூன்றாம் நாள். புழு மேல் முட்டையிடும் ஊசி ஈ வராமலிருக்க சன்னல் முழுக்க நைலான் வலை. அப்படியும் ஒரு புழுவின் விலாவில் குண்டூசித் தலையளவு வெள்ளை முட்டை. பொரிந்ததும் அந்த இடம் கருந்தழும்பானது. தழும்பின் நடுவே பொடித் துளை. உள்ளே தின்றுகொண்டிருக்கும் ஈப்புழு மூச்சு விடுவது அது வழியாகத்தான். அந்தத் துளை கண்ணை விட்டுப் போகவில்லை. வலையில் எங்கோ கிழிசல், வேறென்ன?

மல்பெரிக்கொல்லை:
நான்காம் பருவத்தில் முட்டை பார்த்தால் அவ்வளவு கலங்க வேண்டாம். பொரிய 2, 3 நாள் ஆகும். அதற்குள் புழு தோலுரித்தால் முட்டையும் தோலோடு போய்விடும். ஐந்தாம் பருவத்தில் அந்தத் தப்பிப்பு கிடையாது. தொடக்கத்தில் தாக்கினால் புழு கூடு கட்டாமலே சாகும். பிந்தித் தாக்கினால் கூடு கட்டிவிடும், பிறகு ஈப்புழு அதைத் துளைத்து வெளியேறும். துளைத்த கூட்டில் இழை அறுந்துகொண்டே இருக்கும், ஒரே இழையாக நூலெடுக்க முடியாது.

சந்திரிகை:
கிழிசல் என்ற முடிவை ஏற்க முடியாது. ஈ உள்ளேயே பிறந்திருக்கலாம். வெளியேறும் ஈப்புழு இருட்டைத் தேடி ஓடும். 12 முதல் 20 மணி நேரத்தில் தரை வெடிப்பிலோ சுவரோரத்திலோ செம்பழுப்புக் கூட்டுப்புழுவாகிவிடும். 10, 12 நாளில் ஈ. போன அறுவடையின் மிச்சம் அடுத்த புழுக்களுக்குச் சரியாக வந்து சேரும். அப்போது வலை ஈயை உள்ளே அடைத்துத்தான் வைக்கும். முதலில் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள். புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகைக்கு அடியில் உதிரும் ஈப்புழுக்களைத் தினமும் கூட்டி அள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். குப்பையில் கொட்டினால் அங்கேயே கூட்டுப்புழுவாகும். கூடு விற்கப் போகும் பையையும் உதறிப் பாருங்கள். 1980இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்கு இந்த ஈ வந்ததே கூடுகளோடுதான்.

நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற குளவி உள்ள பைகளை ஐந்தாம் பருவம் இரண்டாம் நாளே புழு வளர்ப்பு மனைக்குள் தொங்கவிடுங்கள், பிறகு சந்திரிகைப் பக்கம், அறுவடை முடிந்ததும் எருக்குழிப் பக்கம். அது தாக்குவது ஈயின் கூட்டுப்புழுவை மட்டுமே. புழுவின் மேலுள்ள முட்டையைத் தொடாது. எறும்பு ஏறாமல் பாருங்கள். பை தொங்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளித்தால் முதலில் சாவது குளவிதான்.

பட்டுக்குடில்:
வலையில் கிழிசல் இல்லை. ரேக் காலடி வெடிப்பில் ஈக் கூட்டுப்புழுவின் காலி ஓடுகள் 4.