நேரில் போகாமல் கிராமத்து நிலத்துக்கு வீட்டுப் பிளான்: எந்தெந்த அளவைக் கேட்டு வாங்குவது?

வரைபலகை

வணக்கம். தொலைவிலுள்ள ஒரு கிராமத்து நிலத்தில் 9 × 12 மீட்டரில் தரைத்தள வீடு வரையக் கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே போக வழியில்லை. உரிமையாளரும் மேஸ்திரியும் அங்கேயே இருக்கிறார்கள். கையில் இருப்பது நான்கு பக்க நீளம் போட்ட எல்லைப் படம், செயற்கைக்கோள் படம், போனில் எடுத்த சில போட்டோக்கள். "லேசான சரிவுதான்" என்கிறார் உரிமையாளர். இதை வைத்து ஆரம்பிக்கலாமா? கட்டும்போது எந்த இடங்களில் நிறுத்திப் பார்க்கச் சொல்வது?

மட்டக்குழாய்

ஆரம்பிக்காதீங்க சார். நான்கு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் நிலத்தின் வடிவமே இன்னும் தெரியாது. அதே நீளங்களோடு நாற்கரம் எந்தப் பக்கமும் சாயும். ஒரு மூலைவிட்டம் வந்தால் வடிவம் நிற்கும். இரண்டாவதும் வந்தால் அளந்ததில் பிசகு இருக்கிறதா என்று பிடித்துவிடலாம். இரண்டையும் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் மட்டம். 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்கூடக் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். மேட்டுப் பக்கம் பேஸ்மட்டம் (வெளித்தரையிலிருந்து வீட்டுத் தரையின் உயரம்) 45 செ.மீ. வைத்தால் பள்ளத்துப் பக்கம் 1.45 மீட்டர் சுவர் எழும்பும். உள்ளே கொட்டும் மண், சுவர் கனத்தைக் கழிக்காமல், சுமார் 103 கனமீட்டர். அதே வீட்டைத் திருப்பி, 12 மீட்டர் பக்கம் சரிவுக்குக் குறுக்கே வருமாறு வைத்தால் இறக்கம் 75 செ.மீ.தான்; மண் 89 கனமீட்டர், உயரமான சுவர் 1.20 மீட்டர். அறைகளை அடுக்கி முடித்தபிறகு இது தெரிந்தால் மொத்தப் பிளானையும் கிழித்துப் போட வேண்டியதுதான்.

டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் கருவி) வைத்து அளக்க ஒரு நாளைக்கு சர்வேயர் கிடைத்தால் அதற்கு மேல் வேண்டாம். கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் மேஸ்திரியின் ட்யூப் போதும். 20 மீட்டர் நீளம், நிறமில்லாத ட்யூப். அசையாத ஒரு பாறையிலோ கிணற்றுச் சுவரிலோ பெயிண்ட் குறி போட்டு, அதன் மட்டம் 10.00 மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றி 6 மீட்டர் கூடுதலாக எடுத்து, 3 மீட்டருக்கு ஒரு முளை (தரையில் அடிக்கும் குச்சி): 8 × 9, ஆக 72 முளை. அலுப்பான வேலைதான், ஆனால் குறைக்காதீர்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். ஒரு முனையைப் பள்ளத்துக்குக் கொண்டுபோனால் குறியருகே இருக்கும் முனையிலும் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு முளைக்கும் இரண்டு முனையையும் படிக்க வேண்டும். குறியிலிருந்து தண்ணீர் 62 செ.மீ. உயரத்தில், முளையடியில் தரையிலிருந்து 118 செ.மீ. என்றால், அந்த முளையின் மட்டம் 10.00 + 0.62 − 1.18 = 9.44. படிக்கும்போது இரு வாயும் திறந்திருக்கட்டும், குமிழி இருக்கக்கூடாது. தொடங்கும்முன் இரு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள். சில முளைகளைக் கடைசியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்; 1 செ.மீ.க்கு மேல் மாறினால் எங்கோ குமிழி புகுந்திருக்கிறது.

செம்மண்

மேலே சொன்னதோடு மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு வரும் இடத்தில் எதிரெதிர் மூலையில் இரண்டு குழி, 1.5 மீட்டர் ஆழம். டேப்பைத் தொங்கவிட்டு, வெயில் விழும் பக்கத்துச் சுவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழியில் சரளையும் மற்றதில் கரிசலும் வந்தால் அஸ்திவாரம் பற்றி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் பேசாமல் ஒரு கோடும் போடாதீர்கள். கரிசல் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

செப்டிக் டேங்க் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி என்றால் அந்த ஆழத்திலேயே 30 செ.மீ. சதுரக் குழி வெட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் ஊற்றி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 2.5 செ.மீ. இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண் தண்ணீர் குடிக்காது, வேறு வழி பார்க்கணும். கிணறும் போர்வெல்லும் எங்கே என்று படத்தில் குறித்து வாங்குங்கள், பக்கத்து நிலத்தில் இருப்பதையும்தான்.

மின்கம்பம் எத்தனை மீட்டர்? 100 மீட்டர் தள்ளி இருந்தால், 230 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும்போது 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் சுமார் 12 வோல்ட் போய்விடும். 10 சதுர மி.மீ. என்றால் 7 வோல்ட்டோடு நிற்கும். காங்கிரீட்டுக்கான இரும்புக் கம்பி வருவது 12 மீட்டர் நீளத்தில். பாதை வளைவில் லாரி திரும்புமா என்றும் கேளுங்கள். திரும்பாது என்றால் மடக்கியோ வெட்டியோ வரும், அதை முன்கூட்டியே கம்பிப் பட்டியலில் எழுதணும்.

வடக்குத்திசை

போட்டோக்களை வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த இடத்தின் குறிப்பும் அழிந்துவிடும். போன் காம்பஸ் இரும்பு வேலி அருகே தப்பாகக் காட்டும். செங்குத்தான குச்சி நட்டு, காலையில் நிழல் நுனியைக் குறித்து, அதே நீளத்தில் வட்டம் போட்டு, பிற்பகலில் நுனி திரும்ப வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்தால், குச்சியடியிலிருந்து இரண்டு குறிக்கும் நடுவே போகும் கோடு சரியான வடக்குத் தெற்கு.

வரைபலகை

மிக்க நன்றி. உரிமையாளரின் உறவினரிடம் டிரோன் இருக்கிறதாம். 72 முளைக்குப் பதில் அது போதுமா?

மட்டக்குழாய்

மரம், பாதை, ஓடை பார்க்க நல்லது. மட்டத்துக்கு வேண்டாம். படத்திலிருந்து மாடல் செய்தால் அது புல் நுனியைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். இடுப்பளவு புல் இருந்தால் பிசகும் இடுப்பளவு.

கட்டும்போது நிறுத்த வேண்டியவை: சுவர் வரும் கோட்டுக்கு நூல் பிடித்தபின், வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டியபின், அஸ்திவாரக் கம்பி கட்டியபின், பேஸ்மட்டத்தில், ஸ்லாப் கம்பி கட்டியபின். ஒவ்வொன்றிலும் உங்கள் பதில் வராமல் அடுத்த வேலை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், நீங்களும் அன்றே பதில் சொல்லுங்கள். காங்கிரீட் ஆட்கள் வந்து நிற்கும்போது மேஸ்திரியால் காத்திருக்க முடியாது.

நூல் பிடித்ததைச் சரிபார்க்க நீங்கள் வரையும் வீட்டில் ஒரு வசதி: 9 × 12க்கு மூலைவிட்டம் சரியாக 15 மீட்டர். இரண்டு மூலைவிட்டத்திலும் டேப் 15.00 காட்டுவது தெரிய போட்டோ கேளுங்கள். ஒன்று 15.05, மற்றது 14.95 என்று வந்தால் வானம் தோண்ட விடாதீர்கள். கம்பி போட்டோவில் டேப்பும் கவர் பிளாக்கும் (கம்பியைச் சுற்றிக் காங்கிரீட்டுக்கு இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) ஒரே படத்தில் தெரியணும். படத்தில் எல்லா அளவையும் எண்ணாகவே எழுதிவிடுங்கள், சைட்டில் போனைத்தான் பார்ப்பார்கள், ஸ்கேல் வைத்து யாரும் அளக்க முடியாது. பழைய பிரதியை அழித்துவிட்டு புதிய திருத்த எண்ணோடு அனுப்புங்கள்.