கேஜ் குதிரை வண்டி ஓட்டினாரா, இல்லையா?

கரிசல்மணி: மேலே நேசன் அளந்து விட்டிருக்கிறார்: "மூளையின் முன்மடல் போனால் மனிதன் மிருகம், பினியாஸ் கேஜே சாட்சி." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்காகப் பாறையில் வெடிமருந்து திணித்தவர் கேஜ். மருந்து வெடித்ததில், திணித்துக்கொண்டிருந்த ஆறு கிலோ இரும்புக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து மண்டையைப் பிளந்து போனது. அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். மிருகமா வண்டி ஓட்டும்?

நியூரான் நேசன்: ஓட்டட்டும். வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 1868-ல் எழுதியதைப் படித்தீர்களா? வாயைத் திறந்தால் வசவு, பிடிவாதம், போட்ட திட்டத்தை அடுத்த நிமிடமே கைவிடுவது. முதலாளிகள் பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கவே இல்லை.

கரிசல்மணி: ஹார்லோ அதை எழுதியபோது கேஜ் செத்து எட்டு வருடம். வண்டிக்கு வாங்க. பல குதிரை பூட்டிய வண்டி சார். ஒவ்வொரு குதிரையின் வாரையும் தனித்தனியாக விரலிடுக்கில் பிடித்து, எதைத் தளர்த்துவது எதை இழுப்பது என்று மேடுபள்ளத்தில் முடிவெடுக்க வேண்டும்.

தேன்மொழி: முன்மடலில் எந்த இடம் என்று முதலில் சொல்லுங்கள். கை காலை அசைக்கும் பட்டை அதன் பின் ஓரத்தில் இருக்கிறது. 1870-ல் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் நாயின் மூளையில் அந்தப் பக்கம் மின்சாரம் வைத்ததும் எதிர்ப்பக்கத் தசைகள் துடித்தன. கம்பி கிழித்தது அதற்கு முன்னால் உள்ள பகுதியை. கை விழாமலே குணம் மாறலாம்.

நியூரான் நேசன்: மேடம், பாடம் அப்புறம். மணி அண்ணே, மூளையில் பத்து சதவீதம்தான் வேலை செய்கிறது என்ற கட்டுக்கதையைப் போன மாதம் சாதித்தது நீங்கள்தானே?

கரிசல்மணி: அது வேறு இழை. அங்கே தோற்ற கடுப்பை இங்கே காட்டாதீர்கள். வண்டி ஓட்டினாரா, இல்லையா?

டீக்கடை பெஞ்ச்: அண்ணன் பைக் ஓட்டுவதைப் பார்த்தவன் நான். ஓட்டுவதற்கு முன்மடல் தேவையே இல்லை 😂

கரிசல்மணி: உங்களை யாரும் கூப்பிடவில்லை.

நியூரான் நேசன்: கடைசியில் கலிஃபோர்னியாவுக்கு வந்து எந்தப் பண்ணையிலும் நிலைக்கவில்லை. 1860-ல் வலிப்பு வந்து செத்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரிசல்மணி: அது கடைசிச் சில மாதம். சிலியில் ஏழு வருடம்! ஒரு கம்பெனியில் ஒரு வருடம் தாண்டாத நீங்கள் நிலைப்பதைப் பற்றிப் பேசலாமா?

நியூரான் நேசன்: என் வேலையை ஏன் இழுக்கிறீர்கள்? அட்மின் எங்கே?

கரிசல்மணி: அட்மின் வரட்டும். வண்டி ஓட்டினாரா, இல்லையா?