டிடி-02 காரை ரேஸுக்குத் தயார் செய்ததில் பார்த்தது, கற்றது

ரிமோட்டில் ஓடும், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் கார் வாங்கி வருகிற புதியவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மோட்டார் போடலாம்?" என்றுதான். மோட்டாரைக் கடைசியாகத் தொடுங்கள் என்பதுதான் என் பதில். மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் தார்த் தரையில் ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் இத்தனை காலம் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். கார் முதலில் தடையில்லாமல் உருள வேண்டும், நேராகப் போக வேண்டும், நாலு சக்கரமும் ஒரே மாதிரி தரையில் உட்கார வேண்டும். இந்த மூன்றும் இல்லாத காருக்குப் பெரிய மோட்டார் போட்டால் சுவரில் போய் மோதுகிற வேகம்தான் கூடும்.

எங்களில் பலரிடம் இருப்பது டாமியா டிடி-02. நடுவில் நீளவாட்டில் ஓடும் ஒரு ஷாஃப்ட் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். கியர்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மணல், கல் உள்ளே போகாது. விலையும் குறைவு, அடி தாங்கும். அதனால்தான் புதியவர்களுக்கு நான் இதையே சொல்கிறேன்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை பேரிங். கிட்டில் பெரும்பாலும் அச்சு சுழலும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) தான் வரும். அதை எடுத்துவிட்டு, வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5 மி.மீ. உள்ள பால் பேரிங் செட் போட வேண்டும். நாங்கள் 1150 என்று கேட்டு வாங்குவது இதைத்தான். போட்டபின் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, காரைக் கையில் தூக்கி ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டிப் பாருங்கள். எல்லாச் சக்கரமும் சத்தமில்லாமல் சுழன்று மெதுவாக நிற்க வேண்டும். எங்காவது "கரகர" என்றால் அந்தப் பேரிங்கில் தூசி இருக்கிறது, அல்லது ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே கிட்டோடு வந்த அதே பழைய சில்வர் மோட்டார் சூடு குறைந்து ஓடும், பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

ஸ்க்ரூ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். பழைய மரை கிடைத்ததும் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அதிலிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய வழியிலேயே போகும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, கடைசியில் துளை பெரிதாகி ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றும். அப்புறம், ஜப்பான் கார்களில் வரும் ஸ்க்ரூத் தலை ஜப்பான் தர அளவில் இருக்கும். சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் சரியாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும். அதற்கென்றே விற்கும் திருப்புளி ஒன்று வாங்கிவிடுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். எங்கள் தடத்துக்கு ஒரு சீன அங்கிள் வருவார், பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியில் எப்போதும் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். ஒரு நாள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனின் கார் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலே வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ரிமோட்டில் நேர்ப்போக்கைச் சரிசெய்யும் ட்ரிம்மை எவ்வளவு திருப்பியும் அடங்கவில்லை. அவன் அப்பா, முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான செர்வோவைப் புதிதாக வாங்கக் கிளம்பிவிட்டார். அங்கிள் அவரை நிறுத்திவிட்டு, காரைக் கண்ணாடிமேல் வைத்து, முன்பம்பரின் நடுவில் திருப்புளி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். இடச் சக்கரம் எழும்பிவிட்டது, வலச் சக்கரம் இன்னும் தரையில்தான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். இல்லையென்றால் கார் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ட்வீக் என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

"செர்வோ வேண்டாமா, அங்கிள்?" என்றான் பையன்.

"இந்தக் காசை வைத்துக்கொள் தம்பி. டயர் வாங்கலாம்" என்றார் மலாயில்.

பேட்டரியை எடுத்தார். சேஸியின் மேல் தட்டு ஸ்க்ரூக்களை எல்லாம் அரைச் சுற்று தளர்த்தி, கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகு அதிர்வைத் தாங்கும் நாலு டேம்பரையும் கழற்றி நீளம் பார்த்தார். முன்பக்கம் ஒரு ஸ்பிரிங்குக்கு மேல் போட்ட ஸ்பேசர் மற்றதைவிடத் தடிமனாக இருந்தது. அதை மாற்றியதும் மறுபடி தூக்கிப் பார்த்தார், இரண்டு சக்கரமும் சேர்ந்தே எழும்பின. அடுத்த ஓட்டத்தில் பையன் நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கைத் தொடாமலே போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும், ஒவ்வொரு பெரிய மோதலுக்குப் பின்னும் நான் இதைச் செய்கிறேன். பைசா செலவில்லாத இந்தச் சோதனைபோல வேறெதுவும் என் காரை மாற்றியதில்லை.

டேம்பரை நிரப்புவதிலும் அவசரம் கூடாது. எண்ணெய் ஊற்றிய பிறகு பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, குமிழ் எல்லாம் மேலே வரும்வரை வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடியபின் இடது, வலது இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கி விடுங்கள். ஒன்றுபோல் திரும்பி வராவிட்டால் மறுபடி திறக்கத்தான் வேண்டும். பலரும் கெட்டித்தன்மை எண் 400 உள்ள எண்ணெயில் தொடங்குகிறார்கள். நம் ஊர் மதிய வெயிலில் எண்ணெய் இளகிவிடும் என்பதால் நான் அதைவிட ஒரு படி கெட்டியானதைப் போடுகிறேன்.

வெயில் என்றால் அதோடு சேர்ந்து வருவது கவிழ்தல். காலையில் வழுக்கிய அதே தடத்தில், மதியம் தார் சூடேறி ரப்பர் ஒட்ட ஆரம்பித்ததும், வளைவில் திருப்பினால் கார் குட்டிக்கரணம் போடும். பிடிப்பு அதிகமாகிப்போனதுதான் காரணம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதற்காக ஸ்பிரிங், பாடி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார், அடங்கவில்லை. கடைசியில் முன்டயர்களின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் க்ளூவை மெல்லிய வளையமாகத் தடவிக் காயவிட்டார், காரையும் தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்துக்கு இறக்கினார். ரப்பரின் அந்த ஓரம் கெட்டியாகிவிட்டதால் வளைவில் தரையைக் கவ்வாமல் சறுக்கியது, கவிழ்வது நின்றுவிட்டது.

அலுமினிய உதிரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் போவது அங்கேதான். நீல நிறத்தில் பளபளக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் மோதும்போது வளைந்துகொடுத்துத் திரும்பிவிடும். அங்கே அலுமினியம் போட்டால் அடி அப்படியே உள்ளே ஏறி சேஸியையோ கியர் பெட்டியையோ உடைக்கும். மோட்டார் மவுன்ட் மட்டும் அலுமினியமாக இருக்கலாம், சூட்டையும் வெளியே தள்ளும். ஆர்ம்களை நான் பிளாஸ்டிக்காகவே வைத்திருக்கிறேன், உபரியாக ஒரு ஜோடி பெட்டியில் இருக்கும்.

சரி, இதெல்லாம் முடிந்தால் மோட்டாருக்கு வாருங்கள். டிடி-02-இன் கியர் பெட்டிக்குள் உள்ள விகிதம் 2.6. கிட்டோடு வருவது 70 பல் ஸ்பர் (பெரிய கியர்), 22 பல் பின்னியன் (மோட்டார் அச்சில் மாட்டும் சின்ன கியர்). 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27 வரும். பின்னியனை 25 ஆக்கினால் 7.28. எண் குறையக் குறைய உச்ச வேகம் ஏறும், மோட்டார் சூடும் ஏறும். நீண்ட நேர்ப்பாதை உள்ள தடத்துக்குக் குறைந்த எண், வளைவுகள் நெருங்கிய தடத்துக்குக் கூடிய எண். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போடுவதானால் 21.5 அல்லது 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) போதும். ஓட்டி முடித்ததும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை மோட்டாருக்கு நேராகப் பிடியுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பின்னியனில் ஒரு பல் குறைத்துவிடுங்கள். சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கும் காந்தம் பலம் இழக்கும், அப்படி இழந்தது திரும்பாது.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் மட்டும் யாரும் விளையாடாதீர்கள். நண்பர் ஒருவர் ரேஸ் முடிந்து முழுச் சார்ஜோடு அதைத் தான் ஓட்டி வந்த பெரிய காரின் டிக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வெயிலில் நின்ற கார். திரும்பி வந்தபோது பேக் உப்பி, அதன் கடினமான உறையே பிளந்திருந்தது. தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம். ஓட்டம் முடிந்தால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும், இப்போதுள்ள லிப்போ சார்ஜர் பலவற்றில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. உப்பிய பேக்கை, இன்னும் ஒரு ஓட்டம்தானே என்று யார் போட்டாலும் நான் தடுத்துவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்து என் காரில் செய்யப்போவது டிஃப், அதாவது வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர். பின்பக்கம் இலகுவாகவும் முன்பக்கம் கெட்டியான கிரீஸ் அடைத்து இறுக்கமாகவும் வைத்திருக்கிறேன், அதனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்சக்கரங்கள் நன்றாக இழுக்கின்றன. ஆனால் வெயிலில் கிரீஸ் இளகி, மாலை ஓட்டத்தில் அந்தப் பிடிப்பு குறைகிறது. எண்ணெய் அடைக்கிற சீல் வைத்த டிஃப் வாங்கியாகிவிட்டது. எவ்வளவு கெட்டியான எண்ணெயில் தொடங்கலாம் என்று, தார்த் தரையில் ஓட்டுகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.