தன்பாலீர்ப்பா, ஓரினச்சேர்க்கையா?

சப்டைட்டில்காரன்:
ஒரு மலையாளக் குறும்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், மகன் தன்னைப் பற்றி முதல்முறையாகச் சொல்கிறான். 'நான் ஓரினச்சேர்க்கையாளன்' என்று போட்டுப் பார்த்தேன், காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். ஆனால் 'தன்பால் ஈர்த்தான்' என்றால் தன் பக்கம் இழுத்தான் என்றுதானே பொருள்? காந்தம் மாதிரி ஆகிவிடாதா?

பிழைதிருத்தி:
காந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. 'அவர்பால் அன்பு' என்கிறபோது வருகிற பால் வேறு, இது ஆண்பால் பெண்பாலில் வருகிற பால். தன் பாலைச் சேர்ந்தவர்மேல் வரும் ஈர்ப்பு, அவ்வளவுதான். சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால்தான் கண் தடுமாறும். ஆளைச் சொல்ல தன்பாலீர்ப்பாளர்.

பழைய சொல்லில் என் சண்டை 'சேர்க்கை'யோடுதான். அது செயலைச் சொல்கிறது. யாரோடும் சேராமல் தனியாகவே இருந்துவிட்ட ஒருவருக்கும் ஈர்ப்பு இருக்குமே, அவரை என்னவென்று சொல்வது? கல்யாணமான ஆணையும் பெண்ணையும் யாரும் 'சேர்க்கையாளர்' என்பதில்லை. 'பையனுக்குச் சேர்க்கை சரியில்லை' என்கிற வாடை வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வரப்புநண்டு:
ரொம்ப யோசிக்கிறீர்கள். ஓரினச்சேர்க்கை அகராதியில் இருக்கிற சொல், பேப்பரிலும் வருகிறது, யாரும் திட்டுவதற்காக எழுதுவதில்லை.

பிழைதிருத்தி:
திட்டு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லும்வரை, இதைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு என்று செய்தி வந்தாலே கூடவே வந்த சொல் அது. அப்புறம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கை ஒட்டி, கண்ணியமான சொற்களுக்கென்றே ஒரு பட்டியலை 2022-இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. சும்மா கிளம்பிய பேச்சில்லை இது.

மொட்டைமாடி:
நான் ஒரு கே (gay). கட்டுரையில் தன்பாலீர்ப்பு என்றுதான் எழுதுவேன், ஆனால் அம்மாவிடம் சொன்ன அன்றைக்கு இந்த இரண்டில் எதுவும் வாயில் வரவில்லை. "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வரலைம்மா, பசங்க மேலதான் வருது" என்றேன். அவர் உடனே "திருநங்கையா மாறப்போறியாடா?" என்று கேட்டார். அது வேறு, இது வேறு, நான் ஆண்தான் என்று புரியவைப்பதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

சப்டைட்டில்காரன்:
மொட்டைமாடி, உங்கள் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? தன்பாலீர்ப்பைப் படக்குறிப்பில் வைத்துக்கொள்கிறேன்.

மொட்டைமாடி:
எடுத்துக்கொள்ளுங்கள். 'ம்மா' மட்டும் விட்டுவிடாதீர்கள்.