.303 ட்ரில் ரைபிள்: பட் போல்ட்டை முறுக்கியதும் ஃபோர்எண்ட் பிளந்துவிட்டது, புதுக் கட்டையை எப்படி உட்கார வைப்பது?

அல்சூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். எங்கள் பகுதி முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு டி.பி. (ட்ரில் பயிற்சிக்கு மட்டும்) ரைபிள் இருக்கு. குழலில் துளை போட்டது, சுடாது, காகிதமெல்லாம் சரியா இருக்கு. சாக்கெட்டில் (பின்கட்டை செருகுற உலோகக் கூட்டில்) கிரீடம், ஜி.ஆர்.ஐ. (அன்றைய மன்னர் ஜார்ஜின் எழுத்துகள்), 1943, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார்னு முத்திரை. இஷாபூர் தயாரிப்பு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் பெரியவர் ஒருத்தர் இதைத்தான் பிடிச்சு நிப்பார்.

போன வருஷம் பாஜூ சஸ்த்ரவில் (ரைபிளைப் பக்கத்தில் தரையில் ஊன்றி நிக்கிற கட்டளை) தரையில் இறக்கும்போது 'டக்-டக்'னு ரெண்டு சத்தம் வந்தது. பட், அதாவது தோளில் வைக்கிற பின்கட்டை, ஆடுதுன்னு புரிஞ்சுது. பட் பிளேட் மூடி வழியா நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு, பட்டைச் சாக்கெட்டோடு பிடிக்கிற போல்ட்டை முறுக்கினேன். 'சடக்'னு ஒரு சத்தம். ஃபோர்எண்ட் (குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டை) பின்முனையில் விரல் நீளத்துக்குப் பிளவு. அப்பா கையால் பிடிச்ச கட்டை, ரொம்ப வருத்தமா இருக்கு. பழைய ஸ்டாக்கிலிருந்து வேற ஒரு ஃபோர்எண்ட் கிடைச்சிருக்கு. ஆனா பாடி (குழல் மாட்டியிருக்கிற உலோக உடல்) அதில் முழுசா இறங்கலை. எங்கே சீவணும்?

பழைய ஆர்மரர்:
தம்பி, முதல்ல எதையும் சீவாதீங்க. பிளந்த காரணம் தெரிஞ்சாத்தான் புதுசு பிழைக்கும்.

நம்பர் 1 ரைபிளில் பட் போல்ட்டின் முன்முனை சதுரம். சாக்கெட்டைத் தாண்டி வந்து, ஃபோர்எண்ட் பின்முனையில் இருக்கிற சின்னத் தகட்டின் காடிக்குள்ள உக்காரும். போல்ட் தானா கழலாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஃபோர்எண்ட் மாட்டியிருக்கும்போது நீங்க போல்ட்டைத் திருப்பினா அந்தச் சதுரம் தகட்டோட சேர்ந்து மரத்தையும் திருகும். மரம் பிளக்காம என்ன செய்யும்? அதனால ஃபோர்எண்டைக் கழட்டின பிறகுதான் பட் போல்ட்டைத் தொடணும். இந்த ரைபிளுக்கு இதுதான் முதல் பாடம். எனக்கும் சொல்லிக் கொடுத்தப்ப இதைத்தான் முதல்ல சொன்னாங்க.

கழட்டும்போது ஒரு முனையை நெம்பாம, பாடியிலிருந்து நேரா, சமமா இறக்குங்க. பட் கட்டையை மாட்டும் முன்னாடி போல்ட் ஓட்டைக்குள்ள தோல் வட்டு இருந்தா வெளியே எடுத்துடுங்க, அது இருந்தா ஸ்க்ரூடிரைவர் போல்ட் தலையைப் பிடிக்காது. முறுக்கி முடிச்சதும் சதுரத்தின் பக்கங்கள் காடியோட நேர்கோட்டில் இருக்கணும். இல்லைன்னா வாஷர் மாத்திப் பாருங்க.

தச்சுப்பட்டறை, மைசூர் ரோடு:
அண்ணா, நான் மரம் மட்டும் பேசறேன். எங்கே இடிக்குதுன்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாடியின் அடியில் மெல்லிசா கண்மையை எண்ணெய் விட்டுக் குழைச்சுத் தடவுங்க. (எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் பிரஷியன் புளூ டியூப் கிடைக்கும், அதுவும் சரி.) இறக்கி, எடுத்துப் பாருங்க. கறுப்பு பட்ட இடத்தை மட்டும் கூர் உளியால் சுரண்டுங்க, சீவாதீங்க. திரும்ப இறக்குங்க. நாற்பது அம்பது தடவை ஆகும். அரம் போட்டா ஒரே நிமிஷத்தில் போயிடும், போன மரம் திரும்பாது.

பழைய ஆர்மரர்:
தச்சுப்பட்டறைத் தம்பி சொன்னது ரொம்பச் சரி. எங்கே கறுப்பு படணும், எங்கே படக்கூடாதுன்னு நான் சொல்றேன்.

ஃபோர்எண்ட் உள்ளே பின்பக்கம், இடமும் வலமும் ரெண்டு செங்குத்து முகங்கள் இருக்கும். 'டிராஸ்'னு சொல்லுவோம். சுடுற ரைபிளில் பின்னுதைப்பைத் தாங்குறது இந்த ரெண்டு முகமும்தான். ரெண்டிலும் கறுப்பு சமமா பரவணும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா குண்டு போகிற இடம் மாறும். ரெண்டுமே பிடிக்கலைன்னா மரம் பின்னால நகர்ந்து சாக்கெட்டில் இடிக்கும், பின்முனை பிளந்துடும். அதனால ஃபோர்எண்டின் கடைசி விளிம்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல ஒரு தாள் நுழையற இடைவெளி விடுங்க. டிராஸ் தேஞ்சிருந்தா கடினமான மரத்துண்டு ஒட்டலாம். ஆனா மர ரேகை குழல் நீளத்துக்கே ஓடணும், அப்பதான் உலோகம் ரேகை முனையில் அழுத்தும், மரம் நசுங்காது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் மென்மையான மரம் போட்டதால இந்த இடத்துல செப்புத் தகடே பதிச்சாங்க.

இன்னொண்ணு. டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவுக்குள்ள ஒரு சின்ன உருளை காலர் இருக்கும். பழைய மரம் சுருங்கினா காலர் நீண்டு நிக்கும். ஸ்க்ரூ இறுகின மாதிரி இருக்கும், மரம் மட்டும் ஆடும். நிறைய பேர் இதைக் கவனிக்காம டிராஸையே குறை சொல்றாங்க. காலரை அரத்தில் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

பழைய கட்டையைத் தூக்கிப் போடாதீங்க. அசிட்டோன் வச்சு எண்ணெயை இழுத்துட்டு அரால்டைட் போட்டு ஒட்டலாம்.

கமர்ஷியல் தெரு அக்கா:
டி.பி. என்பதால் சரி. இதைப் படிக்கிற வேற யாராவது சுடக்கூடிய ரைபிளில் கைவைக்க நினைச்சா, 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு பழுதுபார்க்கவும் உரிமம் கேட்குது. உரிமம் உள்ளவரிடமே கொடுங்க. தம்பி, நீங்களும் அந்தக் காகிதங்களைக் கூடத்திலேயே பத்திரமா வைங்க.

தச்சுப்பட்டறை, மைசூர் ரோடு:
கடைசியா ஆளிவிதை எண்ணெய், துணியில் மெல்லிசா, நாளுக்கு ஒரு கை. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணியில் நனைச்சு வைங்க.

அல்சூர்க்காரன்:
ஐயா, அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. இடது டிராஸ்தான் இடிச்சிட்டிருந்தது, வலது தொடவேயில்லை. காலரும் நீளமா இருந்தது, ஐயா சொன்னதே. ஃபோர்எண்டைக் கழட்டிட்டுத்தான் இந்தத் தடவை பட் போல்ட்டை முறுக்கினேன். அப்பாவோட கட்டையை ஒட்டி, எண்ணெய் தடவி, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கோம்.

இன்னைக்குக் காலையில் கொடியேற்றம். பெரியவர் பாஜூ சஸ்த்ரவில் இறக்கினப்ப ஒரே ஒரு 'டக்'தான் வந்தது.